பம்புக்கு வைத்த பொட்டு

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே அந்தக் காரைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

பொய். பிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்று வேண்டுமானால் சொல்லலாம். மாட்டி முடிக்கும்போதெல்லாம் நாலைந்து நட்டும் இரண்டு வாஷரும் தரையில் மிச்சம் கிடக்கும். அவற்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சார், வேண்டாததெல்லாம் கழட்டிட்டேன், இனிமே வண்டி லேசா ஓடும் பாருங்க" என்பேன். காருக்குச் சொந்தக்காரரும் நம்புவார். நம்பாமல் என்ன செய்வார்? ஜில்லாவில் அந்த மாதிரிக் கார் ஒன்றுதான். அதில் கை வைக்கத் துணிந்த மடையனும் ஒருவன்தான்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஆற்றோரத்தில் எனக்கு ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை உண்டு. டிராக்டருக்கும் வயல் மோட்டாருக்கும் வயரிங் பார்க்கிறேன். படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். பள்ளிக்கூடம் என்றால் எனக்கு மத்தியானச் சாப்பாடுதான். தட்டைக் கழுவி வைத்ததும் வாய்க்காலோடு போய்விடுவேன். அதனால் காரின் வயரிங் படத்தை யாராவது என் முன்னால் விரித்தால், தலைகீழாக இருக்கிறதா நேராக இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. போனில் வெள்ளைக்காரர்கள் இதே காரைப் பிரிக்கிற வீடியோ வருகிறது. அவர்கள் பேசுவது புரியாது, கை புரியும். சத்தத்தை அணைத்துவிட்டு, மீன் அறுப்பதை வேடிக்கை பார்க்கிற மாதிரி பார்ப்பேன். என் பட்டப்படிப்பு அவ்வளவுதான்.

கார், ரிட்டயர் ஆன மாட்டு டாக்டர் ஒருவருடையது. சிவப்பு நிறம், நீட்டு மூக்கு, இரண்டே சீட், தலைக்கு மேலே கூரை கிடையாது. மலை மேல் தேயிலை எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பியபோது டாக்டரின் பெரியப்பா வாங்கிக் கீழே இறக்கியது. வண்டி கிளம்பாவிட்டால் டாக்டர் உள்ளே போய், மாடு பார்க்கிற ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்து, பானட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"என்ன சார், சினையா?" என்பேன்.

"வாய மூடுறா. நாடி பாக்குறேன்."

அந்தக் காருக்கு நான் பார்த்த முதல் வைத்தியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பார்க்கிற எல்லா டிராக்டரிலும் பேட்டரியின் மைனஸ் வயர்தான் பாடியோடு சேரும். இதில் ப்ளஸ் வயர் பாடியோடு சேர்ந்திருந்தது.

"எவனோ குடிச்சுட்டு மாட்டியிருக்கான் சார்."

டாக்டர் இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினார். "இல்லடா. அந்தக் காலத்துல இப்படித்தான் செஞ்சாங்கன்னு போட்டிருக்கு."

"புஸ்தகம் எழுதுனவனும் குடிச்சிருப்பான் சார்."

மாற்றி மாட்டினேன். டாக்டரின் மனைவி ஆசைப்பட்டு வாங்கி, ஆள் வைத்து அதில் பொருத்தியிருந்த ரேடியோவிலிருந்து பாட்டு வரவில்லை, சாம்பிராணி மாதிரி புகை வந்தது. அவர்களை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு அவர்கள் என்னைக் கூப்பிட்டதை இங்கே எழுத முடியாது.

அம்மாவுக்கும் அந்தக் காருக்கும் ஆகாமல் போனதற்கு ரேடியோ மட்டும் காரணமில்லை. எங்கள் பக்கத்தில் பாடல் பெற்ற தலங்கள் நிறைய. அம்மா பட்டுப்புடவையோடு இறங்கிக் காரைத் தள்ளிய தலங்கள் அதைவிட நிறைய. தங்கையின் ஊரான குத்தாலத்தில், தங்கை வீட்டு வாசலிலேயே, சம்பந்திகள் வரிசையாக நின்று பார்க்க ஒரு முறை தள்ளியிருக்கிறார்கள். அன்றிலிருந்து தங்கை அந்தக் காரை 'தகர டப்பா' என்றுதான் சொல்வது.

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில், அந்தத் தங்கையின் மகளுக்கு வளைகாப்பு வந்தது. பஸ்ஸில் போகலாம் என்றார்கள் அம்மா. காரில் போகலாம் என்றார் டாக்டர். அம்மா நிதானமாகச் சொன்னார்கள்.

"சரிங்க. கார்லயே போவோம். நீங்க நிறுத்துனா நிக்கட்டும். வழியில எங்கயாச்சும் அதுவா நின்னுச்சுன்னா, அங்கயே நான் கோயம்புத்தூர்க்காரருக்கு போன் போட்டுருவேன். மறுநாளே வந்து எடுத்துட்டுப் போயிரணும். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

கோயம்புத்தூர்க்காரர் என்பவர் பழைய கார்களாக வாங்கிச் சேர்க்கிறவர். மாசம் தவறாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய நம்பரை அம்மா போனில் முதலாவதாக வைத்திருந்தார்கள், அதற்குப் பிறகுதான் மகன் நம்பர்.

டாக்டர் சரி என்று சொல்லிவிட்டு நேராக என் பட்டறைக்கு வந்தார். "வாக்கு குடுத்துட்டேன்டா" என்று சொல்லி டிராக்டர் டயர் மேல் உட்கார்ந்தார்.

"கவலைய விடுங்க சார், நான் இருக்கேன்ல?"

"அதான்டா கவலை."

என்னையும் கூட்டிப் போவதென்று முடிவானது. சீட் இரண்டுதான் என்பதால், சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைக்கிற பலகை மேல் என்னைச் சுருட்டி வைத்தார்கள். மடியில் வளையல் தட்டு, காலிடுக்கில் பூவன் தார், கழுத்துக்குப் பின்னால் சித்ரான்னத் தூக்கு. நானும் ஒரு சீர்வரிசை மாதிரிதான் கிளம்பினேன்.

இதற்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள, அந்தக் காரின் பெட்ரோல் பம்பைப் பற்றித் தெரிய வேண்டும். அது கரண்டில் ஓடுகிற பம்பு. சாவியைத் திருப்பினால் 'டொக் டொக் டொக்' என்று தானே அடித்துக்கொண்டு பின்னால் இருக்கிற டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து முன்னால் அனுப்பும். டொக் நின்றால் கொஞ்ச தூரத்தில் காரும் நிற்கும். அந்தப் பம்பு நான் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் அடியில் இருந்தது.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். காவிரியில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. காற்று சுகமாக இருந்தது. அம்மாகூட ஒரு தடவை சிரித்த மாதிரி இருந்தது. திருவையாறு நெருங்கும்போது என் பின்பக்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நேரம் பலகை வழியாக வந்துகொண்டிருந்த டொக் டொக், டொக் என்று ஒன்று அடித்துவிட்டு யோசித்தது. பிறகு ஒன்று. பிறகு இல்லை.

குதிகாலால் ஓங்கிப் பலகையை உதைத்தேன். டொக் டொக் டொக். உயிர் வந்தது.

"என்னடா சத்தம்?" என்றார்கள் அம்மா, திரும்பாமல்.

"தாளம்மா. திருவையாறு வந்தாலே எனக்கு கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"கையா? காலால ஒதைக்கிற மாதிரில்ல கேக்குது?"

"சங்கீதம் காலு வரைக்கும் எறங்கிருச்சும்மா."

பம்பு மறுபடி யோசித்தது. மறுபடி உதைத்தேன். பாலம் தாண்டுவதற்குள் நான் போட்ட தாளத்துக்கு அந்த ஊரில் யாராவது காது கொடுத்திருந்தால், என்னைக் கட்டி வைத்து அடித்திருப்பார்கள். முன்னாலிருந்து டாக்டர் மெதுவாக, "டேய், நாடி விட்டு விட்டு அடிக்குதுடா" என்றார்.

"யாருக்கு?" என்றார்கள் அம்மா.

"எனக்குத்தான்."

"காலைல மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

திருவையாறு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டின் ஒரு பாதியில் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. அங்கே பம்பு என் உதையை மதிக்கவில்லை. கார் மெல்ல மெல்லத் தளர்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு, நெல்லின் ஓரத்தில் போய் நின்றது. நின்ற பிறகு டாக்டர் பிரேக்கை மிதித்தார்.

"நெல்லு கெடக்கு. மேல ஏத்தக் கூடாதுல்ல, அதான் நிறுத்துனேன்" என்றார் பொதுவாக, வானத்தைப் பார்த்து.

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்தாள். "அந்தப் பக்கம் பூரா காலியாத்தானே கெடக்கு? இப்பக்கூட லாரி போச்சே."

"லாரிக்கு மனசாட்சி இல்லக்கா" என்றேன் நான்.

"இம்மாந்தூண்டு காரு நெல்லு மேல போனா நெல்லுக்கா நோவும்? காருக்குத்தான் நோவும். போங்க, போங்க."

அவள் சிரித்த சிரிப்பின் சத்தத்தில் இரண்டு காலையும் சேர்த்து ஓங்கி ஒரு உதை விட்டேன். தட்டில் வளையல்கள் குதித்தன. டொக் டொக் டொக். டாக்டர் செல்ஃபை அழுத்த, கார் கிளம்பியது. அம்மா கைப்பையைத் திறந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு கும்பகோணம் வரைக்கும் பம்பு தங்கம் மாதிரி ஓடியது. எனக்குத் திமிர் வந்துவிட்டது. "நாம வச்ச ஒதை அப்படி" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு வாழைப்பழமும் தின்றேன். கும்பகோணம் தாண்டி ஒரு ரயில்வே கேட்டில், எங்களுக்கு முன்னால் கம்பி இறங்கியது. கேட்டில் நின்றால் இஞ்சினை அணைக்கிற நல்ல பழக்கம் டாக்டருக்கு உண்டு.

"சார், ஆஃப் பண்ணாதீங்க!" என்று நான் கத்தும்போது அவர் கையில் சாவி இருந்தது.

மறுபடி போட்டார். டொக் இல்லை. உதைத்தேன். இல்லை. ஒரு பக்கம் உட்கார்ந்து உதைத்தேன், மண்டியிட்டுக் குத்தினேன், பூவன் தாரின் காம்பால்கூட ஒன்று போட்டேன். இல்லை.

"கால் மரத்துப்போச்சும்மா, செத்த எறங்கிக்கிறேன்" என்று இறங்கி, தட்டுகளை ஓரம் வைத்து, பலகையைத் தூக்கினேன். பம்பின் தலையில் ஒரு சின்ன மூடி உண்டு. அதற்குள்ளே இரண்டு பாயின்ட் ஒன்றையொன்று தொட்டும் விட்டும்தான் அந்த டொக் டொக் வருகிறது. தொடுகிற இடம் ஒரு மிளகளவுதான். மூடியைக் கழற்றினேன்.

உள்ளே, பாயின்ட் மேல், என் விரல் ரேகையோடு, காய்ந்த சந்தனம். அதன் நடுவில் அழகாகக் குங்குமம்.

வைத்தது நான்தான். ஆயுத பூஜையன்று டாக்டர் வீட்டுக்குப் போய், சக்கரம், லைட், ஸ்டியரிங், பேட்டரி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்த பிறகு எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. வெளியே தெரிகிற சாமானுக்கெல்லாம் பொட்டு, உள்ளேயிருந்து ராப்பகலாக உழைக்கிற பம்பு மட்டும் என்ன பாவம் செய்தது? மூடியைக் கழற்றி, சந்தனத்தைக் குழைத்து, பக்தியோடு சரியாக அந்த மிளகளவு இடத்திலேயே வைத்தேன். வைத்துவிட்டுக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்து உதிர்ந்து பாயின்ட்டுக்கு நடுவில் சிக்கியிருக்கிறது. உதைத்தபோது விலகி, விட்டபோது சிக்கி, கடைசியில் ஒரு பெரிய துண்டாகக் குறுக்கே உட்கார்ந்துவிட்டது. கரண்டு சாமி கும்பிடுமா என்ன?

பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தேன். இரண்டு இழுப்பு இழுத்தால் போதும்.

"என்னடா அது செவப்பா?" அம்மா சீட்டில் திரும்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குங்குமம்மா. பூஜைக்கு வச்சது."

"கைல என்ன?"

"உப்புத்தாளும்மா. சொரண்டி எடுத்துட்டா..."

"ஏய்! வளைகாப்புக்குப் போற வழியில, எங் கண்ணு முன்னாடி குங்குமத்தை அழிப்பியா நீ? கைய ஒடிச்சுருவேன்."

"அழிக்காட்டி வண்டி போகாதேம்மா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. டாக்டர் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"அப்ப, வண்டி நின்னுபோச்சு" என்றார்கள் அம்மா. "அப்படித்தானே?"

ரயில் வந்தது. கடைசிப் பெட்டி போனதும் டாக்டர் நிமிர்ந்தார். கதவின் மேல் விளிம்பை, கன்றுக்குட்டியின் முதுகைத் தடவுகிற மாதிரி ஒரு தடவை தடவினார்.

"ஆமா. நின்னுதான் போச்சு. போடும்மா போன. பேச்சுன்னா பேச்சுதான்."

இவ்வளவுக்கும் காரணம் என்னுடைய ஒரு விரல். அம்மா போனை எடுத்தார்கள். முதல் நம்பர்தான், தேட வேண்டியதில்லை.

கேட் ஏறியது. பின்னால் நின்ற அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. ஒரு லாரி டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினான். "என்ன பெருசு, பொம்மக் காருக்கு சாவி குடுக்க மறந்துட்டியா?"

பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ எங்களை உரசிக்கொண்டு முன்னேறியது. அதிலிருந்த ஒரு பொம்பளை எங்கள் தட்டுகளைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "வளையலு பாருடி. வளைகாப்புக்குப் போறாங்க போலிருக்கு. ஐயையோ, வழியிலயே வண்டி நின்னுபோச்சே. சகுனம் சரியில்லையே."

அம்மாவின் கட்டைவிரல் போனுக்கு மேலேயே நின்றது. அவர்களுடைய முகத்தில் என்னென்னவோ ஓடியது. பிறகு எழுந்தார்கள். கூரையில்லாத கார் என்பதால் சீட்டின் மேலேயே ஏறி நின்றுவிட்டார்கள். பட்டுப்புடவையில், ரோட்டுக்கு நடுவில், எல்லாருக்கும் மேலே.

"யாருடி அது நின்னுபோச்சுன்னது? நாங்க நிறுத்தியிருக்கோம்! வளைகாப்புக்குப் போற வண்டி நிக்காது. நின்னுச்சுன்னு இனிமே எவ வாயிலயாவது வந்துச்சு, எறங்கி வந்துருவேன்!"

ஷேர் ஆட்டோ பறந்துவிட்டது. லாரிக்காரன் உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டான். அம்மா அப்படியே கீழே என்னைப் பார்த்தார்கள்.

"எவ்வளவு நேரம்டா நிறுத்தியிருக்கிறது? ஜோலியப் பாரு."

"குங்குமம்மா...?"

"அழிக்காத. எடுத்து வை."

"எங்கம்மா வைக்கிறது?"

"ஒனக்கு நெத்தி இல்ல?"

உப்புத்தாளைத் தூக்கி எறிந்துவிட்டு, நகத்தால் ஒவ்வொரு துணுக்காக அந்தச் சந்தனத்தைப் பெயர்த்து, குங்குமம் சிந்தாமல் நெற்றியில் ஒட்டிக்கொண்டேன். பெட்ரோலில் ஊறிய கையால் வைத்த பொட்டு. முதலில் பனிக்கட்டி மாதிரி ஜில்லென்றது, பிறகு எரிந்த எரிச்சலில் எனக்கு முன்ஜென்மம் வரைக்கும் ஞாபகம் வந்தது. டாக்டர் சாவியைத் திருப்பினார். டொக் டொக் டொக் டொக்.

அதன் பிறகு டாக்டர் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! எழுபது வயசுக்காரர், காற்றில் நட்டுக்கொண்ட நாலு முடியோடு, "கேளுடா, கேளுடா, என்ன மாதிரி அடிக்குது பாரு!" என்று கத்திக்கொண்டே போனார். ஆடுதுறைக் கடைத்தெருவில் ஒரு மாடு பயந்து ஒதுங்கியது. "பயப்படாத, நான் மாட்டு டாக்டர்தான்!" என்று அதற்கு ஆறுதல் வேறு சொன்னார். நான் பின்னால் ஒரு கையால் வளையல் தட்டையும் மறு கையால் எரிகிற நெற்றியையும் பிடித்துக்கொண்டு, காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா சிரிக்கவில்லை. போன் இன்னும் கையில்தான் இருந்தது, அதுதான் எனக்கு உறுத்தியது. கேட்டில் ஊர் வாயை மூடியாகிவிட்டது, சரி. சொந்த வாயை எவ்வளவு தூரம் மூடி வைப்பார்கள்? அம்மாவுக்குத் தங்கையிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று டாக்டரே என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

குத்தாலம் வந்தது. தெருவில் பந்தல், வாசல் நிறைய ஜனம், நடுவில் தங்கை. கார் நிற்பதற்கு முன்பே இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

"வாக்கா! என்ன, தகர டப்பா இன்னைக்கு எத்தன எடத்துல நின்னுச்சு?"

சம்பந்திகள் எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். அம்மா நிதானமாக இறங்கினார்கள். கொசுவத்தைச் சரி செய்தார்கள். டாக்டரை ஒரு பார்வை, கையிலிருந்த போனை ஒரு பார்வை. அப்புறம் தங்கையை நேராகப் பார்த்து, வாயைத் திறந்து...

கொஞ்சம் இருங்கள். போன் அடிக்கிறது. அம்மாதான்.

"டேய், எங்கடா இருக்க?"

அம்மாவின் குரல் பாதிதான் கேட்கிறது. பின்னால் ஒரு ஹாரன், மூச்சு விடாமல், ஒரே பிடியாக அலறிக்கொண்டிருக்கிறது. எந்தக் காரின் ஹாரன் என்று எனக்குத் தெரியாதா? கோயம்புத்தூர் போகாமல் தப்பித்த அதே கார்தான்.

"கடைத்தெருவுல நிக்கிறோம்! தானா அடிக்க ஆரம்பிச்சுது, நிக்க மாட்டேங்குது! ஊரே கூடிருச்சு! ஒங்க சார் காதப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்காரு! நானே வயரப் புடுங்கிறட்டுமா?"

"வேணாம்மா! எதையும் தொடாதீங்க, இதோ வந்துட்டேன்!"

"ஊதா வயரா, பச்சை வயரா, அத மட்டும் சொல்லித் தொலைடா!"